கழுத்துக் குழாயில் ஒரு கோடு

சைக்கிள் பிரேம் துடைக்கப் பழைய பனியன் துணியை விட்டால் வேறு எதுவும் சரிப்படாது. புதுத் துணி எண்ணெயை இழுக்காது, தள்ளிக்கொண்டே போகும். சாக்குத் துணி கீறிவிடும். நாலு வருஷம் உடம்பில் கிடந்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன பனியன்தான் குழாயோடு ஒட்டிப் போகும். காலையில் நீங்கள் அந்த பிரேமை இந்த மேஜையில் வைத்துவிட்டுக் கை துடைக்கிற காகிதத்தால் தேய்த்தீர்கள். தப்பில்லை மேடம். பார்த்ததும் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பழைய ஸ்டீல் பிரேம்களைச் சரிசெய்வது என் தொழில். வளைந்ததை நிமிர்த்துவேன். முறிந்த குழாயை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்து, பித்தளையை உருக்கிப் பற்ற வைப்பேன். இதோடு இன்னொரு வேலையும் உண்டு. பெயர் அழிந்துபோன பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யார் செஞ்சது, எந்த வருஷம்?" என்று கேட்பார்கள். குழாய்கள் சந்திக்கிற இடத்தில் உறை போட்ட மாதிரி ஒரு மூட்டு இருக்கும், லக் என்போம். அதன் ஓரத்தை எப்படி அரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் நடை மாறுகிற மாதிரி அரம் பிடிக்கிற விதமும் மாறும். தெருவில் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் சமையலறை, மாடியில் இரண்டு அறை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது எனக்கு இருபத்து மூன்று, தங்கச்சிக்குப் பதினொன்று. வளர்த்தேன். சக்கரத்துக்குக் கம்பி கோக்கத் தெரிந்த கைக்குத் தலை பின்னுவது பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பின்னல்தான் சாயங்காலம் வரைக்கும் கலையாமல் இருக்குமாம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் இல்லை என்று சொல்வேன். உண்மையில் தேவை இருக்கவில்லை.

அவள் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறாள். நல்ல வேலைக்காரி என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் வீட்டில் அவளை நம்பி எதையும் விட முடியாது. சாவியை மறப்பாள், குடையை மறப்பாள், டிபன் டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவாள். தினமும் காலையில் அவள் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன். "அண்ணா, எனக்கு முப்பத்தஞ்சு வயசாகுது" என்பாள். வயசுக்கும் மறதிக்கும் சம்பந்தம் இல்லை என்பேன்.

முப்பத்திரண்டு வயதில் அவளாகவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். கண்ணாடி போடக் கடைக்குப் போனவர், கண்ணாடி சரியாக இருக்கிறது என்று சொல்வதற்காகவே மறுபடியும் மூன்று தடவை போனாராம். ஒரே ஒரு விஷயம் கேட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு இதே வீட்டில் இருக்க வேண்டும் என்று. முகம் சுளிக்காமல் சரி என்றார். மாடியில் ஓர் அறை அவர்களுக்கு, ஓர் அறை எனக்கு.

அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், குளியலறையில் தண்ணீரைக் கொட்டி வைக்க மாட்டார். ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

இடிக்கப் போகிற ஒரு பழைய கட்டடத்தை அளக்கப் போன இடத்தில்தான் அந்த பிரேம் அவருக்குக் கிடைத்தது. பின்பக்கக் கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மச்சான், இத கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவந்து வைத்தார். "கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட அப்பி வச்சிருக்காங்க. ஆனா தூக்கிப் பாத்தா வெயிட்டே இல்ல."

ஒரு விரலில் தூக்கினேன். நகத்தால் தட்டினேன். மெல்லிய குழாய்க்கு ஒரு சத்தம் உண்டு, பாத்திரக் கடை ஸ்டீல் டம்ளர் மாதிரி. அது கேட்டது. பின்பக்கம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சக்கரம் மாட்டுகிற முனையில் மட்கார்டுக்கு ஒரு துளை, கேரியருக்கு ஒரு துளை. தண்ணீர் பாட்டில் மாட்ட மூன்று இடம். இடதுபக்கக் கீழ்க்குழாயின் மேல் கடுகளவு இரண்டு முளைகள் இருந்தன. கூடுதல் சக்கரக் கம்பிகளைச் செருகி வைக்க அது. கடைத்தெருவுக்குப் போய்வர யாரும் அதெல்லாம் வைத்துச் செய்ய மாட்டார்கள். மூட்டை முடிச்சோடு நாள்கணக்கில் தூரம் போகிறவருக்காகச் செய்த வண்டி.

"யார் செஞ்சதுன்னு சொல்ல முடியுமா மச்சான்?"

"உரிச்சுப் பாத்தா சொல்லலாம்."

அடுத்த நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்கே போயிற்று. பச்சைக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே சாம்பல். நான் மருந்து தடவி உரிப்பேன், அவர் அளப்பார். வெர்னியரை வைத்து ஒவ்வொரு குழாயையும் மூன்று இடத்தில் அளந்து, கோடு போடாத ஒரு நோட்டில் பிரேமை அப்படியே வரைந்தார். ஒரு பிரேமுக்கு அவ்வளவு அளவு எழுதியவரை நான் பார்த்ததில்லை.

"வீடா கட்டப் போறீங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"உங்க வாய்லேர்ந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள நான் வீடே கட்டிடலாம் மச்சான்" என்றார். தங்கச்சி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது.

அவளும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கும் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது, லென்ஸ் கடையில் அவள் அதைத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அளவு சொல்வார்கள், எழுதுவார்கள், எதற்கோ சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள்.

பிரேமைச் செய்த பட்டறையை நான்தான் கண்டுபிடித்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தி, எப்போதோ மூடிவிட்ட சின்னப் பட்டறை. தம்பி இடதுகைக்காரர். அவர் இழைத்த லக்கில் அரத்தின் கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சாயும். சாய்ந்திருந்தது. பெடல் அச்சு உட்காருகிற கூட்டுக்கு அடியில், பெயிண்டைச் சுரண்டியதும், இரண்டு எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் தெரிந்தன. எழுத்து வருஷத்தைக் குறிக்கும் என்றேன். என் கணக்கில் அதற்கு ஒரு வருஷமும் சொன்னேன்.

மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. அந்த அண்ணனின் மகள் எங்கோ இருப்பதைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த அம்மாளிடம் பட்டறையின் பழைய ஆர்டர் புத்தகம் இருந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சாப்பிடும்போது எடுத்துப் படித்தார். எழுத்து வருஷம் இல்லையாம், வாங்கினவரின் பெயரின் முதலெழுத்துகளாம். லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற ஒரு பள்ளி ஆசிரியைக்காகச் செய்ததாம். அதனால்தான் மேல்குழாய் குட்டை.

"டாக்டருக்கே வைத்தியம் பாத்துட்டாரு" என்றாள் தங்கச்சி.

நானும் சிரித்தேன். அது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்து எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம் மேடம், அதற்காக இல்லை.

அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்தது. மலைமேல் ஒரு ஊர். பஸ்ஸில் ஒரு பகல், சைக்கிளில் மூன்று நாள். மாற்றல் வந்தது என்று சொன்னார்கள். கேட்டு வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் தங்கச்சி ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். வாடகைக்கு வீடு பார்த்திருந்தார்கள். அந்த வீட்டின் வரைபடம்கூட அவர் நோட்டில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக என்னிடம் சொன்னார்கள்.

"நீயும் வந்துடேன் அண்ணா. அங்கயும் சைக்கிள் இருக்கும்ல" என்றாள். தட்டு கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

நான் பார்க்கலாம் என்றேன்.

சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு அவள் பஸ்ஸில் போவதாகவும், அவர் இந்த சைக்கிளிலேயே போவதாகவும் ஏற்பாடு. அதனால் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. பிரேமைப் பெயிண்டுக்குத் தயார் செய்து, ஃபோர்க்கைக் கழற்றினேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கால்களும் மேலே ஒரு தலையில் சேரும். அந்தத் தலையிலிருந்து ஒரு குழாய் பிரேமுக்குள் ஏறி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதைக் கழுத்துக் குழாய் என்போம். அதன் அடிவட்டத்தில் பேரிங் வளையம் உட்காரும். வளையத்தைத் தட்டி எடுத்தபோது அங்கே ஒரு கோடு தெரிந்தது.

கோடுகள் பலவிதம். கீறலாக இருக்கலாம், லேத்தில் கடைந்த தடமாக இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். கீறல் என்றால் பொடி வெள்ளையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடிமேல் கோடு போட்டுவிடும்.

போட்டது. பாதி வட்டத்துக்குப் போட்டது.

இறக்கத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் எடை, ஆளின் எடை, மூட்டையின் எடை எல்லாம் வந்து நிற்பது அந்த ஒரு வட்டத்தில்தான். என் தொழிலில் இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஃபோர்க்கைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டுவது. அந்த அளவில் இரண்டு ஃபோர்க் என் சுவரிலேயே மாட்டியிருந்தன.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நடந்தது. விரிசலை நான் உண்டாக்கவில்லை. யாரோ எங்கேயோ எப்போதோ பள்ளத்தில் விட்டு வாங்கியது. மாப்பிள்ளை என்னிடம் கேட்டது இதை யார் செய்தது என்று. அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். விரிசல் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வளையத்தை மறுபடி இறக்கி, கிரீஸ் வைத்து, மாட்டினேன். சாம்பலுக்கு அடியில் கிடைத்த பழைய நீலத்தையே பெயிண்டாக அடித்தோம். வண்டி நன்றாக வந்தது. அந்த மாதிரி ஒரு வேலையை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

கிளம்பின அன்று காலையில் தங்கச்சி மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நானும் அவரும் மட்டும். குரலைத் தாழ்த்தி, "மச்சான், ஒரு விஷயம், அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். "அங்க போய்ச் சேர்ந்ததும் இந்த வண்டி அவளுக்குத்தான். என் காலுக்கு இது சின்னது. அவ உயரத்துக்கு அளந்து செஞ்ச மாதிரியே இருக்கு. அதான் நாலு மாசமா நோட்டும் கையுமா அலைஞ்சேன்."

"நல்லதுதான்" என்றேன்.

"நீங்களும் வரணும் மச்சான். அவ வாயால ஒழுங்கா கூப்பிட மாட்டா. ஆனா ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா."

டயரில் காற்று பார்த்தேன். முன்பிரேக் கொஞ்சம் தளர்வாக இருந்தது, இறுக்கிக் கொடுத்தேன். நன்றாகப் பிடிக்க வேண்டும் இல்லையா. தெருமுனை வரைக்கும் போய் ஒரு தடவை கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

ஏறுகிற பாதையில் நடுவில் ஒரு மலையைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அந்த இறக்கத்தில் நடந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னாராம், திடீரென்று முன்சக்கரம் தனியாகப் போயிற்று, ஆள் தனியாகப் போனார் என்று. போன் வந்தபோது தங்கச்சி பஸ்ஸுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்போடு மாடிப்படியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொரு செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். சோறு வைத்தேன். வண்டியில் ஏற்றின சாமான்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். நான் அழவில்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை. பல்லில் மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி இருந்தது, அந்த மரப்பு அப்புறம் விலகவே இல்லை.

அந்த ஊர் போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதினார்கள். பழைய வண்டி, பழைய இரும்பு என்றார்கள். பிரேமுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முறிந்த ஃபோர்க்கைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கச்சி அதை வாங்கிப் பழைய துண்டில் சுற்றித் தன் அலமாரியில் வைத்தாள். ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிந்தைய ஒரு வருஷத்தை நல்ல வருஷம் என்று சொல்வது முறையல்ல. ஆனால் வீடு ஒழுங்காக இருந்தது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். காலையில் நான் பையைத் திறந்து பார்த்தால் முன்பு மாதிரி எதுவும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சத்தம் இல்லை.

ஒரு வருஷம் முடிந்த மறுவாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அண்ணா, அந்த பிரேமுக்கு வேற ஃபோர்க் போட்டுக் கொடு. நான் அந்த ஊருக்குப் போறேன். கடைல இன்னும் இடம் இருக்காம்."

"பஸ்ல போயேன்."

"இல்ல. அதுலதான் போறேன். அவர் போன வழியிலேயே போறேன்."

"உன்னால முடியாது."

"போட்டுக் கொடுப்பியா, வேற எங்கயாவது குடுக்கட்டுமா?"

போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். போட்டேன். அந்த ஃபோர்க்கில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வைத்து இரண்டு தடவை பார்த்துத்தான் மாட்டினேன். ஃபோர்க்கில் கை வைக்க மாட்டேன் மேடம், அவள் என் தங்கச்சி.

இந்த முறை யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பெடல் கூட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற கீழ்க்குழாய் இரண்டு உண்டு. வலதுபக்கத்தில், கூட்டை ஒட்டி, செயின் மறைக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் அரம் போட்டேன். வழவழப்பாக இழைத்துப் பெயிண்ட் அடித்தேன். அந்த இடம் விட்டுப்போவது இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில். மூச்சுப் பிடித்து மிதிக்கும்போது போகும். ஏற்றத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். லேசாகத் தொய்ந்து, சக்கரம் உரசி நின்றுவிடும். இறங்கி, ஓரமாக உட்கார்ந்து, எனக்குப் போன் பண்ணுவாள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான் நான் நினைத்தது. முதல் ஏற்றம் எங்கள் ஊரிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிழலுக்கு மரங்கள்கூட இருக்கின்றன.

கேஸ் சிலிண்டர் மாற்ற ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தேன். வெர்னியர் நான் வைத்த இடத்தில் இல்லை. மேஜையின் மறு ஓரத்தில் இருந்தது.

"பட்டறைக்கு வந்தியா?" என்றேன்.

"சும்மா வந்தேன்" என்றாள்.

அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுசோறு போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் ஒரு வேனைக் கூட்டிவந்து பிரேமை ஏற்றினாள். கடையில் ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். அன்று திரும்பி வரவில்லை. அவள் போனும் எடுக்கவில்லை. நாலாம் நாள் நீங்கள் வந்தீர்கள்.

மாப்பிள்ளையின் நோட்டில் அந்தக் குழாய்க்கு இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறது. அவள் அளந்தபோது இருபத்தொன்று. லென்ஸ் தேய்க்கிறவளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு முழம் மாதிரி. மற்ற எல்லா அளவும் ஒத்துப்போக, அந்த ஓர் இடம் மட்டும் உதைத்திருக்கிறது. உடனே அலமாரியிலிருந்த ஃபோர்க் ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டையும் கொண்டுபோய்ப் பொறியியல் கல்லூரியில் உலோகம் சோதிக்கிற அம்மாளிடம் கொடுத்திருக்கிறாள்.

இவ்வளவும் நான் சொன்ன பிறகு நீங்கள் அந்த நோட்டை என் முன்னால் விரித்துக் காட்டினீர்கள். ஃபோர்க் வரைந்த பக்கம். கழுத்துக் குழாயின் அடியில் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். "இங்கே மெல்லிய கோடு. மச்சானிடம் கேட்டேன். லேத்தில் கடைந்த தடமாம். மச்சான் பார்த்துவிட்டார், கவலை இல்லை."

ஆமாம். கேட்டார்.

அவர் கேட்கவில்லை என்று முன்பு சொன்னேன். ஒரு வருஷமாக அப்படித்தான் எனக்கு ஞாபகம். இப்போது அவர் எழுத்தைப் பார்த்ததும் அவர் குனிந்து நின்றதுகூட ஞாபகம் வருகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மச்சான், இங்க ஒரு கோடு தெரியுதே, பரவால்லயா?" என்றார். கடைந்த தடம் என்றேன். சரி என்று போய்விட்டார். மறுபடி கேட்கவில்லை.

சோதனை அறிக்கையில் முறிந்த இடத்தின் உள்ளே ஈயம் இருந்ததாக எழுதியிருக்கிறது. இருக்கும். அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு, கோட்டை ஈயத்தால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்தேன். துரு பிடிக்காமல் இருக்க என்று உங்களிடம் காலையில் சொன்னேன். ஈயம் டப்பா ஒழுகலை அடைக்கும், கழுத்துக் குழாயைப் பிடிக்காது. இது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வண்டி தங்கச்சிக்குத்தான் என்று வாசலில் வைத்து அவர் சொன்ன பிறகாவது நிறுத்தியிருக்கலாமே, அவள் அதில் ஏறினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லையா என்று.

யோசித்தேன் மேடம். பாதி வட்டம் போயிருந்தது, நடுவில் ஒரு பெரிய இறக்கம். அவள் கைக்குப் போகிறவரைக்கும் அது தாங்காது என்று எனக்குத் தெரியும்.

ஆக, நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளே நாலு மாதத்தில் திரும்பி வந்திருப்பாள், எனக்கு இந்த வேலை இருந்திருக்காது.

கடைசியாக அவள் கொடுத்த புகாரைப் படிக்கச் சொன்னீர்கள். நாலு பக்கம். ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. எந்தக் குழாய், எந்த இடம், எவ்வளவு குறைவு, எந்தத் தேதி, எல்லாம் இருக்கிறது. என்னை அண்ணன் என்று ஒரு தடவைதான் எழுதியிருக்கிறாள், அதுவும் உறவுமுறை எழுதுகிற கட்டத்தில். இது அவளாக எழுதியது இல்லை மேடம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தனியாக இவ்வளவு செய்ய அவளுக்கு வராது, நான் வளர்த்த பெண், எனக்குத் தெரியும். அவளை ஒரு அரைமணி நேரம் இங்கே வரச் சொல்லுங்கள். நான் உட்காரவைத்துப் பக்குவமாகப் பேசுகிறேன். நான் சொன்னால் கேட்பாள்.